நமுனுகுல மலையடியில் ஒரு தவளம்

பதுளை நகரில் வசிப்பவர்களுக்கு நமுனுகுல மலையை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. பஸ் நிலையத்தில் நின்று தலையை உயர்த்தினால் போதும். மேகத்தைத் தலைப்பாகையாகச் சுற்றிக்கொண்டு நிற்கும். ஒன்பது சிகரங்கள் என்பது அதன் சிங்களப் பெயரின் பொருள். உயரம் 2,036 மீற்றர். அடிக்கணக்கில் சுமார் 6,680. அதன் இடுப்புவரை தேயிலை, அதற்கு மேல் காடு. ஸ்பிரிங்வெளி, டொனகொம்ப, பிங்கராவ என்று சுற்றிலும் தோட்டங்கள். மலையின் பெயரிலேயே ஒரு சிறிய கடைவீதியும் உண்டு. பசறையிலிருந்து எல்ல போகும் பாதையில் போனால் அதைக் காணலாம்.

இந்த மலையைப் பார்த்துக்கொண்டே வளர்ந்த எனக்கு, அதன் அடியில் ஓர் இரவு தங்க வேண்டும் என்ற எண்ணம் நாற்பது வயது கடந்த பின்தான் வந்தது. அதுவும் என் எண்ணமல்ல, உம்மாவின் எண்ணம். உம்மாவுக்கு இப்போது எழுபத்து மூன்று வயது. இரண்டு முழங்கால்களும் ஒத்துழைப்பதில்லை. ஆனால் ஒரே ஒரு வேண்டுகோளை வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார்: "வாப்பா தவளம் போன பாதையில ஒரு நாளாவது போய்ப் பாக்கணும் மகன். கண் மூடுறதுக்கு முன்னால அந்த அம்பலத்தக் காட்டிடு."

தவளம் என்ற சொல்லை இக்காலப் பிள்ளைகள் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். மத்ரஸாவில் என்னிடம் ஓதும் மாணவர்களிடம் கேட்டேன். ஒருவர் தவளையா என்று திருப்பிக் கேட்டார்! சுமை மாடுகளின் அணிக்குத் தவளம் என்று பெயர். சிங்களத்திலும் அதே சொல்தான். தமிழ் அகராதியைப் புரட்டினால் தாவளம் என்ற சொல்லுக்குத் தங்குமிடம் என்று பொருள் காணலாம். சுமையோடு போவதும், பொழுது சாய்ந்தால் சுமையை இறக்கித் தங்குவதும் ஒரே வேலையின் இரண்டு பாதிகள் அல்லவா? இன்று ஆங்கிலத்தில் கேம்பிங் என்று சொல்லி, கூடாரத்தைக் காரில் போட்டுக்கொண்டு புறப்படுகிறார்களே, அதை நம் முன்னோர் பொழுதுபோக்காகச் செய்யவில்லை, பிழைப்பாகச் செய்தார்கள்.

கண்டி இராச்சியத்துக்குக் கடற்கரை இல்லாமல் போன காலம் ஒன்று இருந்தது. 1766ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் தீவின் கரை முழுவதும் ஒல்லாந்தர் கைக்குப் போய்விட்டது. மலைக்குள் நெல் உண்டு, பாக்கு உண்டு, மிளகு உண்டு. உப்பு மட்டும் இல்லை. உப்பில்லாமல் எந்த அடுப்பில் ஆக்க முடியும்? கரையிலிருந்து உப்பையும் கருவாட்டையும் மலைக்கு ஏற்றி, மலையிலிருந்து பாக்கை இறக்கி வந்தவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். அரசனுக்கு இதற்கென்று மடிகே பத்த என்ற தனித் திணைக்களமே இருந்தது. மாடு வைத்திருப்பவர்கள் வருடத்தில் இத்தனை நாள் அரசனின் சுமையைச் சுமக்க வேண்டும். மற்ற நாட்களில் தம் வியாபாரத்தைப் பார்த்துக்கொள்ளலாம். ஊவாவிலும் வெல்லஸ்ஸவிலும் நம் மக்கள் குடியேறிய கதையில் பாதி இந்த மாடுகளின் கழுத்து மணியோசையில்தான் இருக்கிறது.

அந்த மணியோசைக்கு ஒரு சோகமான அத்தியாயமும் உண்டு. 1815இல் கண்டி ஆங்கிலேயர் வசமானது. 1817இல் வெல்லஸ்ஸ பகுதியின் தவளக்காரர்களுக்குத் தலைவராக ஹாஜி மரைக்கார் என்பவரை ஆங்கில அதிகாரம் நியமித்தது. அதுவரை அவர்கள் மீது அதிகாரம் செலுத்திய சிங்களப் பிரதானிகளுக்கு இது பொறுக்கவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் கலகம் வெடித்தபோது, நிலைமையைப் பார்த்துவர அனுப்பப்பட்ட ஹாஜி மரைக்கார் பிடிபட்டுக் கொல்லப்பட்டார். அவரைத் தேடிப் பதுளையிலிருந்து போன உதவி அதிகாரி சில்வெஸ்டர் வில்சனும் அம்புக்கு இரையானார். பின்னர் நடந்தது நாடறிந்தது. அடக்க அனுப்பப்பட்ட கெப்பெட்டிபொல திசாவையே கலகக்காரர்களுடன் சேர்ந்தார். 1818 நவம்பர் 26இல் கண்டியில் தலை துண்டிக்கப்பட்டார். ஊவாவின் வீடுகள் எரிந்தன, வயல்கள் அழிந்தன, கால்நடைகள் கொன்று குவிக்கப்பட்டன. ஒரு பதவி நியமனத்தால் நம்மையும் அயலவரையும் பிரித்துவிட ஓர் அந்நியனால் முடிந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் சங்கடப்படுகிறது. சுமை மாட்டுக்கு எந்தக் கட்சி?

அதற்குப் பிறகும் தவளம் நின்றுவிடவில்லை. வண்டிப் பாதைகள் வந்தன. 1924இல் பதுளைக்கு ரயில் வந்தது. பாதை போடாத பள்ளத்தாக்குகளுக்கு மட்டும் மாடுகள் போய்வந்தன. உம்மாவின் வாப்பா சிறு பையனாகத் தம் வாப்பாவுடன் போனது அந்தக் கடைசிக் காலத்தில்தான். பிபிலைப் பக்கமிருந்து லுணுகலை, பசறை வழியாக ஏறி, நமுனுகுல அடிவாரத்தைச் சுற்றி வெலிமடைப் பக்கம் போவார்களாம். ஸுப்ஹுத் தொழுததும் புறப்பாடு. வெயில் ஏறியதும் ஓர் ஓடைக்கரையில் சுமை இறக்கி மாடுகளை மேயவிடுவார்கள். இரவில் மூட்டைகளை வட்டமாக அடுக்கி அதையே மதிலாக்கி, நடுவில் நெருப்பு மூட்டுவார்கள். புலிப் பயம் இருந்தது. நீளக் கயிறு ஒன்றைத் தரையோடு இழுத்து முளையடித்து, அதில் வரிசையாக மாடுகளைக் கட்டுவார்கள். உம்மா இதையெல்லாம் தாம் கண்ணால் கண்டதுபோல் சொல்வார்.

நமுனுகுல அடியில் ஓர் அம்பலம், அருகில் ஒரு ஊற்று, ஊற்றின் மேல் ஒரு பலா மரம். உம்மா கேட்ட அடையாளம் இவ்வளவுதான்.

ஆனால் போவது எப்படி? பஸ் பாதையிலிருந்து தோட்டத்துக் குறுக்குப் பாதையில் இரண்டு மைல் ஏற வேண்டும். முச்சக்கர வண்டி போகாது. நாற்காலியில் வைத்துத் தூக்கிப் போகலாம் என்றேன். "நான் என்ன ஜனாஸாவா?" என்று கேட்டுவிட்டார் உம்மா. அப்போதுதான் பசறையில் இருக்கும் என் மச்சான், மனைவியின் தம்பி, ஒரு யோசனை சொன்னார். "என்ட சுல்தான் இருக்கிறானே!"

சுல்தான் என்பது அவருடைய மட்டக் குதிரை.

இந்தக் குதிரையின் வரலாற்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். நுவரெலியாவில் 1875 முதல் குதிரைப் பந்தயத் திடல் ஒன்று இருப்பதை அறிவீர்கள். ஏப்ரல் மாத வசந்த காலத்தில் கூட்டம் அலைமோதும். திடலைச் சுற்றியும் கிரகறி வாவிக் கரையிலும் பிள்ளைகளைக் குதிரையில் ஏற்றி ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டிக் காசு வாங்குவார்கள். கூட்டம் கலைந்ததும் சில குதிரைகளின் நிலை பரிதாபம். வயது போனவற்றுக்குத் தீனி போடக் கட்டுபடியாகாமல் தெருவில் விட்டுவிடுவோரும் உண்டு. நடுச்சாமத்தில் கடை வாசலில் காய்கறிக் கழிவைக் கிளறிக்கொண்டு நிற்கும் குதிரைகளை அந்த நகரில் நானே பார்த்திருக்கிறேன். சுல்தான் அப்படித் தெருவுக்குப் போகவிருந்த ஒன்று. மச்சான் சொற்ப விலைக்கு வாங்கி, லொறியில் ஏற்றிக் கொண்டுவந்தார். பாதையில்லாத அவருடைய மிளகுத் தோட்டத்திலிருந்து மூட்டை இறக்க அது உதவுகிறது. ஆக, நூறு வருடத்துக்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் மறுபடியும் ஒரு சுமை விலங்கு!

ஊவாவுக்குக் குதிரை புதிதல்ல. ஆங்கிலேயர் காலத்தில் அதிகாரிகளும் தோட்டத்துத் துரைமாரும் குதிரையில்தான் மலை ஏறி இறங்கினார்கள். மாவட்ட அதிகாரி குதிரையில் ஊர் ஊராகப் போய் முகாமிட்டு வழக்குக் கேட்பதற்கு சேர்க்கிட் என்று பெயர். இன்று நாம் விடுமுறைக்கு எழுதிக் கேட்டு வாங்கும் சேர்க்கிட் பங்களாவின் பெயர் அந்தச் சுற்றுப் பயணத்திலிருந்து வந்ததுதான். பதுளையில் அப்படி உதவி அரசாங்க அதிபராக இருந்த மேஜர் ரொஜர்ஸ் ஊவாவில் பாதைகள் வெட்டியவர். ஆயிரத்து நானூறு யானைகளைச் சுட்டவர் என்ற பெயரும் பெற்றவர். 1845 ஜூனில் ஹப்புத்தளையில் இடி விழுந்து மாண்டார். அவர் நினைவாகக் கட்டிய புனித மார்க் தேவாலயம் பதுளை நகரில் இருக்கிறது. பாதைக்காக நன்றி சொல்லலாம். யானைகளின் கணக்கை நினைத்தால் நா எழவில்லை.

ஆகஸ்ட் விடுமுறையில் புறப்பட்டோம். மாதத்தைத் தேர்ந்தது காரணத்தோடுதான். ஐப்பசி பிறந்தால் எங்கள் பக்கம் வடகீழ்ப் பருவ மழை கொட்டும். 2014 அக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களையே மூடிய காலையை நாங்கள் யாரும் மறக்கவில்லை. மழை நாளில் இந்தச் சரிவுகளில் கூடாரம் அடிக்க நினைப்பதே புத்தியில்லாத வேலை. ஆகஸ்டில் காய்ந்த காற்று வீசும். ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் பேர் வாங்கிக் கொடுக்கும் வாசனையும் அந்தக் காற்றில்தான் பிறக்கிறது. தோட்ட நிர்வாகத்திடம் முன்கூட்டியே அனுமதி வாங்கினோம். உச்சியில் இருப்பது பாதுகாக்கப்பட்ட காடு. அங்கே போகும் எண்ணம் எங்களுக்கு இல்லை.

உம்மா, நான், என் மனைவி, பதின்மூன்று வயது மகள், அவளுக்கு இளைய இரு பையன்கள், மச்சான், சுல்தான். இதுதான் எங்கள் தவளம். பஸ் பாதை ஓரத்தில் ஒரு மதகுச் சுவரில் உம்மாவை ஏற்றி நிறுத்தி, அங்கிருந்து குதிரையின் முதுகுக்கு மாற்றினோம். மடித்த கம்பளியின் மேல் மச்சானின் பழைய சேணம். ஒரு பக்கமாகக் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்தார். முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டு பிஸ்மி சொன்னவர், குதிரை முதல் அடி வைத்ததும் என் தலைமுடியைப் பிடித்துவிட்டார். தொப்பி கீழே விழுந்தது. பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு. நூறு யார் போனதும் பிடி தளர்ந்தது. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்துக் கையசைத்தார்கள். உம்மாவும் கையசைத்தார்! எங்கள் வீட்டு முற்றத்தைத் தாண்டக் கூடக் கூச்சப்படும் உம்மா.

மகள் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். பெண் பிள்ளை குதிரையைப் பிடித்துப் போவதா என்று வழியில் ஒருவர் என்னிடம் மெதுவாகக் கேட்டார். நான் பதில் சொல்லுமுன் உம்மா மேலேயிருந்தே சொன்னார்: "அவள் பிடிச்சா நான் விழமாட்டேன் தம்பி. இவன் பிடிச்சாத்தான் பயம்."

அம்பலம் கிடைக்கவில்லை. உம்மா சொன்ன வளைவில் கொழுந்து நிறுக்கும் மடுவம் ஒன்று நின்றது. அதன் பின்னால் செதுக்கிய கருங்கல் தூண்கள் இரண்டு, புல்லுக்குள் கிடந்தன. அது அம்பலத்தின் தூணா, வேறு எதன் தூணா என்று யார் சொல்ல? பலா மரமும் இல்லை. ஆனால் ஊற்று இருந்தது. பாறை இடுக்கிலிருந்து மூங்கில் பீலி வழியாகத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. உம்மா குதிரையிலிருந்து இறங்கி, அந்தத் தண்ணீரை இரண்டு கைகளிலும் ஏந்தி முகத்தில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். நாங்கள் யாரும் பேசவில்லை.

அஸர் நேரம் நெருங்கியிருந்தது. வுழூச் செய்து தொழுகைக்கு நிற்கப் போன என்னை மச்சான் தடுத்தார். "ஹஸ்ரத், முதல்ல இவன்ட சுமைய இறக்குவோம்." எனக்கு வெட்கமாகிவிட்டது. பயணத்தில் ஓரிடத்தில் இறங்கினால் வாகனப் பிராணிகளின் சுமையை இறக்கும் முன் தாங்கள் தொழ நிற்பதில்லை என்று அனஸ் (ரலி) அவர்கள் அறிவித்த ஹதீஸை வருடாவருடம் மாணவர்களுக்கு நடத்துபவன் நான். மிளகு விற்பவர் எனக்குப் பாடம் நடத்தினார். இரவில் தங்குவதானால் பாதையை விட்டு விலகித் தங்குங்கள், அது விலங்குகள் நடமாடும் வழி என்று நபி (ஸல்) அவர்கள் காட்டித்தந்த ஒழுங்கும் நினைவுக்கு வந்தது. மடுவத்திலிருந்து சற்று மேலே, பத்தனைப் புல் வளர்ந்த சமதரையில் இரண்டு கூடாரங்கள் அடித்தோம். பெண்களுக்கு ஒன்று, எங்களுக்கு ஒன்று.

குதிரையை எங்கே கட்டுவது என்பது அடுத்த கேள்வி. மரத்தில் கட்டலாம் என்றேன். மச்சான் மறுத்தார். அவருடைய நண்பர் ஒருவர் அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தில் வேலை பார்த்தவர். அங்கே பிரவுன் கவுண்டி பூங்காவில் குதிரையோடு வருகிறவர்களுக்கென்றே தனி முகாம் இருக்கிறதாம். குடும்பம் குடும்பமாகக் குதிரைகளை வண்டியில் ஏற்றி வந்து தங்குகிறார்கள். அந்நாட்டுப் பூங்காக்கள் பலவற்றில் குதிரைக்குத் தொற்று இரத்தசோகை நோய் இல்லை என்று இரத்தப் பரிசோதனைச் சான்று காட்டினால்தான் உள்ளே விடுவார்கள். சாணத்தை உரியவரே அள்ளி அப்புறப்படுத்த வேண்டும். குதிரையை நேரே மரத்தில் கட்டக் கூடாது. கட்டினால் மரப்பட்டையைக் கடித்து உரித்துவிடும்; காலால் பறித்து வேரைத் திறந்துவிடும். அதனால் இரண்டு மரங்களுக்கு அகலப் பட்டி சுற்றி, ஆள் உயரத்துக்கு மேல் கயிறு இழுத்து, அதில் கட்டுகிறார்கள். மச்சான் அப்படியே இரண்டு சவுக்கு மரங்களுக்கிடையே கயிறு இழுத்தார். பார்த்துக்கொண்டிருந்த உம்மா, "எங்கட வாப்பா கீழ கட்டின கயித்த இவங்க மேல கட்டுறாங்க, அவ்வளவுதான்" என்றார்.

இரவுச் சாப்பாட்டுக்கு மனைவி வீட்டிலேயே நெய்ச்சோறும் கோழிக் கறியும் ஆக்கிக் கொண்டுவந்திருந்தார். மலைக் காற்றில் பசி அதிகம் என்று கணக்குப் போட்டு அதிகமாகவே ஆக்கிவிட்டார். சோறு மிஞ்சியது. பையன்கள் இருவரும், "வாப்பா, சுல்தானுக்குக் குடுக்கட்டுமா?" என்று கேட்டார்கள். மச்சான் தண்ணீர் எடுக்கப் போயிருந்தார். நான் யோசிக்காமல், "கொடுங்கள், வீணாக்கக் கூடாது" என்றேன். ஒரு சட்டி நெய்ச்சோறு, அதற்கு மேல் இரண்டு றாத்தல் பாணும் உள்ளே போயிற்று. குதிரை ஆசையாகத் தின்றது. நாங்கள் ஆசையாகப் பார்த்தோம்.

பதினொரு மணியளவில் உம்மா என்னை எழுப்பினார்.

"மகன், அந்தப் பிராணிக்கு ஏதோ செய்யுது. மண்ணப் பறிக்குது, திரும்பித் திரும்பித் தன் வயித்தப் பாக்குது."

டோர்ச் அடித்துப் பார்த்தேன். சுல்தானின் கழுத்தெல்லாம் வியர்வை. முன்னங்காலால் தரையைப் பறித்துக்கொண்டே இருந்தது. பிறகு முழங்காலை மடக்கிப் படுக்கப் பார்த்தது. மச்சான் ஓடிவந்து அதன் வயிற்றில் காதை வைத்துக் கேட்டார். "சத்தமே இல்ல. என்னத்தக் குடுத்தீங்க?" நான் சொன்னேன். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மௌனம் எனக்குச் சாட்டையடியாக இருந்தது.

மாடு வேறு, குதிரை வேறு என்பதை அந்த இரவில்தான் கற்றேன். மாட்டுக்கு அசைபோடும் வயிறு. குதிரைக்கோ சின்ன இரைப்பை, நீளமான குடல். பழகாத தீனி அதிகமாகப் போனால் உள்ளே புளித்து ஊதிவிடும். நமக்கு என்றால் வாந்தியெடுத்துத் தப்பிக்கலாம். குதிரையால் வாந்தியெடுக்கவே முடியாது. இதற்குச் சூலை என்று பெயர். முற்றினால் உயிர் போகும். மச்சான் பாறையொன்றின் மேல் ஏறி, கைத்தொலைபேசிக்கு அலைவரிசை பிடித்து, தமக்குத் தெரிந்த மிருக வைத்தியரை எழுப்பினார். தீனியை முழுவதும் அகற்றுங்கள், மெதுவாக நடத்துங்கள், உருள விடாதீர்கள், சாணம் போடுகிறதா என்று பாருங்கள், விடிந்ததும் வருகிறேன், அதற்குள் அதிகமானால் உடனே அழையுங்கள் என்றார் அவர்.

எங்கள் வெளிச்சத்தையும் சத்தத்தையும் கண்டு, கீழ் லயத்திலிருந்து ஓர் அம்மா கம்பளியைப் போர்த்திக்கொண்டு, கையில் இலாந்தரோடு ஏறி வந்தார். அவருக்கும் உம்மாவின் வயதுதான் இருக்கும். குதிரையைக் கண்டதும் இலாந்தரைக் கீழே வைத்தார்.

"ஐயா, அத படுக்க விடாதீங்க. படுத்து உருண்டுச்சுன்னா கொடலு முறுக்கிக்கும். எங்க தாத்தா சொல்லுவாரு."

அவருடைய தாத்தா பெரிய துரையின் குதிரைக்காரராக இருந்தவராம். அவருடைய அப்பா சிறுவனாக அந்தக் குதிரைக்குப் புல் அறுத்துப் போட்டவராம். அந்த அம்மா குதிரையின் கடிவாளத்தை ஒரு பக்கம் பிடித்தார். மறுபக்கம் என் மகள். முழங்கால் வலிக்கும் உம்மா, ஒரு தடியை ஊன்றிக்கொண்டு அவர்கள் பின்னால். மடுவத்துக்கும் ஊற்றுக்குமாக அந்த இரவு அவர்கள் எத்தனை தடவை நடந்தார்கள் என்று எண்ணவில்லை. நானும் மச்சானும் மாறி மாறிப் பிடித்தோம். ஆனால் குதிரை அந்த அம்மாவின் குரலுக்குத்தான் நடந்தது.

நடந்துகொண்டே இரு கிழவிகளும் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. துரையின் குதிரை லாயத்துக்குக் கருங்கல் தளமும், காற்றுப் புக ஜன்னலும் இருந்ததாம். அதைப் பார்த்துக்கொண்ட தாத்தாவின் குடும்பத்துக்குப் பத்தடிக்குப் பன்னிரண்டடியில் ஒரே காம்பரா, மண் தரை. "குதிரைக்கு லாயம், எங்களுக்கு லயம். ஒரு கால்தானேங்க வித்தியாசம்" என்று சொல்லிச் சிரித்தார் அந்த அம்மா. உம்மா சிரிக்கவில்லை. பிறகு உம்மா தம் வாப்பாவின் கதையைச் சொன்னார். தோட்டத்துப் பாதை வந்தபின் தவளத்தை நிறுத்தி, மிஞ்சிய மாடுகளை விற்றுவிட்டு வந்த அன்று வாப்பா சாப்பிடவில்லை என்பதை உம்மா என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. அந்த அம்மாவிடம் சொன்னார்.

எனக்கு அந்த நேரத்தில் ஒரு பழைய பாடம் நினைவுக்கு வந்து வாட்டியது. 13ஆம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக் காயல் துறைக்கு ஆண்டுதோறும் அரபு நாட்டிலிருந்தும் பாரசீகக் கரையிலிருந்தும் ஆயிரக்கணக்கில் குதிரைகள் இறங்கின. கொண்டுவந்தவர்கள் நம் மார்க்கத்து வணிகர்கள். ஆனால் அந்தக் குதிரைகள் ஓராண்டுகூடத் தாக்குப்பிடிக்கவில்லை என்று மார்க்கோ போலோ எழுதிவைத்தார். அவர் சொன்ன காரணங்களில் ஒன்று, குதிரைக்கு இறைச்சியோடு ஆக்கிய சோற்றைக் கொடுத்தார்கள் என்பது! அதை வாசித்தபோது, என்ன அறியாமை என்று சிரித்தவன் நான். எழுநூறு ஆண்டுகளுக்குப் பிறகு நெய்ச்சோற்றுச் சட்டியோடு நின்றவனும் நானே.

நேரம் மூன்றைத் தாண்டியது. சுல்தான் இருமுறை படுக்க முயன்றது, இருமுறையும் எழுப்பினோம். சின்ன மகன் கூடார வாசலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். தான் கொடுத்த சோற்றால்தான் என்று அவனுக்கு எண்ணம். அவனை மடியில் வைத்துக்கொண்டு, "நீ கேட்டாய், நான்தான் சரி என்றேன். பிழை என்னுடையது மகன்" என்று சொன்னேன். மனைவி சுடச்சுடத் தேத்தண்ணி ஊற்றி எல்லோருக்கும் கொடுத்தார். அந்த அம்மா இஞ்சி போட்டிருக்கலாம் என்றார். அடுத்த தடவை இஞ்சி போட்டு வந்தது.

ஸுப்ஹு நேரத்துக்குச் சற்று முன், கிழக்கே வெல்லஸ்ஸப் பக்கம் வானம் வெளுக்கத் தொடங்கியபோது, சுல்தான் நின்றது. வாலை உயர்த்தியது. இரண்டு உருண்டை சாணம் விழுந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று நாங்கள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னோம். சாணத்தைக் கண்டு ஒரு குடும்பமே இறைவனைப் புகழ்ந்த காட்சியை அந்த மலை கண்டிருக்குமோ தெரியாது. மச்சான் மறுபடி வயிற்றில் காதை வைத்தார். "கடமுடா என்குது. தப்பிச்சான்." அந்த அம்மா குதிரையின் நெற்றியைத் தடவிவிட்டு, பிரட்டுக்கு நேரமாச்சு, பேத்தியை எழுப்பி வேலைக்கு அனுப்பணும் என்று சொல்லி இலாந்தரை எடுத்தார். உம்மா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் விடவில்லை.

சொன்னபடியே வைத்தியர் காலையில் வந்தார். ஊசி ஒன்று போட்டார். நல்ல குதிரைக்கு உடல் எடையில் நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு காய்ந்த புல்லும், நாளுக்கு இருபத்தைந்து முதல் நாற்பது லீற்றர் வரை தண்ணீரும் போதும். தீனியை மாற்றுவதானால் ஒரே நாளில் மாற்றாமல் ஒரு வாரமாகச் சிறிது சிறிதாக மாற்ற வேண்டும் என்று என் பையன்களிடம் சொன்னார். என்னிடம் சொல்லாமல் பையன்களிடம் சொன்னது அவருடைய பெருந்தன்மை. இன்றைக்குச் சுமை வேண்டாம், வெறும் முதுகோடு நடத்திப் போங்கள் என்றார்.

வெறும் முதுகு என்றால் உம்மா? நான் தோட்டத்தில் இரண்டு பேரைப் பிடித்து நாற்காலியில் தூக்கலாமா என்று மறுபடி தொடங்கினேன். உம்மா ஊற்றடியில் உட்கார்ந்து ஒரு போத்தலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். மூடியை இறுக்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

"வாப்பா மாட்டுல ஏறியா போனாரு? நடந்துதானே போனாரு."

ஒரு கை மகளின் தோளில், மறு கை தடியில். இரண்டு மைல் இறக்கத்துக்கு இரண்டரை மணி நேரம் எடுத்தது. ஏழு இடத்தில் உட்கார்ந்தோம். சுல்தான் எங்களுக்கு முன்னால் போய், ஒவ்வொரு வளைவிலும் நின்று திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது.